ஐந்தரை மணி நேரக்காரியின் மாரத்தான்

ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம். மூச்சிரைக்காமல், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே நான் ஓடக்கூடிய வேகம் இவ்வளவுதான். 42.195 கிலோமீட்டரை இதால் பெருக்கிப் பாருங்கள், 337 நிமிடம் சொச்சம் வரும், அதாவது 5 மணி 37 நிமிடம். கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் இதே தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார் (முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்கள் மாறி மாறி வந்தார்கள் என்பதால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை, அது வேறு கதை). அவரும் நானும் ஒரே நேரத்தில் கிளம்பினோம் என்று வைத்துக்கொண்டால், அவர் முடித்து, குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து காபி குடிக்கும்போதும் எனக்கு இன்னும் சில கிலோமீட்டர் பாக்கி இருக்கும்.

இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சும்மா கணக்குதான். ஆனால் வரும் ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடப் பதிவு செய்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள், காணொளிகள், குறிப்புகள் எல்லாமே மூன்றரை, நாலு மணி நேரத்தில் முடிக்கிறவர்களை மனதில் வைத்து, குளிர்ந்த ஊர்களில் இருந்துகொண்டு எழுதியவை. மெதுவாக ஓடுகிறவருக்குச் சுலபமான பந்தயம், வேகமாக ஓடுகிறவருக்குக் கஷ்டமான பந்தயம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது பாருங்கள், அது தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகக்காரர்கள் இரண்டரை மணி நேரம் ரோட்டில் இருந்தால் நாங்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறோம். அவர்களைவிட இரண்டு மடங்கு தண்ணீர், இரண்டு மடங்கு உப்பு, இரண்டு மடங்கு காலடி. சென்னையில் ஜனவரி மாதம் சூரியன் உதிப்பது ஆறரை மணி வாக்கில். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் அவர்கள் இருட்டிலேயே முடித்துவிட்டு மெடலோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், நானோ மூன்று மணி நேரம் வெயிலில் ஓட வேண்டும். அதனால் இது மெதுவாக ஓடுகிறவர்களுக்காக மட்டும் எழுதும் பதிவு. வேகக்காரர்கள் வேறு ஏதாவது படிக்கப் போகலாம், கோபமில்லை.

எனக்கு வயது நாற்பத்துமூன்று. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலி. கொரோனாவுக்குப் பிறகு நடக்க ஆரம்பித்தேன், நடை ஓட்டமாச்சு, ஓட்டம் 10 கிலோமீட்டர் ஆச்சு, போன வருடம் அரை மாரத்தான். அவ்வளவுதான் என் வரலாறு. முழு மாரத்தான் என்று அலுவலகத்தில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "ஜெயிச்சா எவ்ளோ மேடம் குடுப்பாங்க?" ஓடுவதற்கு நாம்தான் காசு கட்ட வேண்டும் என்று சொன்னபோது அந்தத் தம்பி பார்த்த பார்வையை நான் எப்படி விவரிப்பது! கட்டணம், ஷூ, வாரா வாரம் எலக்ட்ரோலைட், பேரீச்சம்பழம், காலையில் குழு ஓடும் இடத்துக்கு ஆட்டோ என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாம், அவன் சொல்வதும் நியாயம்தான்.

வீட்டில் என் மாமியாருக்குக் கவலை வேறு மாதிரி. "கர்ப்பப்பை எறங்கிடும்மா, வேணாம்." அத்தை சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1960களில் படித்தவர்களே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானில் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடினார். அடுத்த ஆண்டு கேத்ரின் சுவிட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது போட்டி நிர்வாகி ஒருவர் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான், நான் பிறந்த பிறகு.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவள் ஸ்தமாத்தா ரெவிதி. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக், முதல் மாரத்தான், ஸ்பிரிடான் லூயிஸ் ஜெயித்தார் என்று எல்லோரும் படித்திருப்போம். ரெவிதி ஒரு ஏழைப் பெண், கையில் குழந்தை. போட்டியில் ஓட விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்கள் ஓடி முடித்த மறுநாள் அவள் தனியாக மாரத்தான் என்ற ஊரிலிருந்து கிளம்பினாள். கிளம்பிய நேரத்தை எழுதி உள்ளூர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள், யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாது இல்லையா. ஏதென்ஸ் வந்து சேர ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அப்போது தூரம் 40 கிலோமீட்டர்தான், இந்த 42.195 எல்லாம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்து 1921இல் நிலைத்தது. மைதானத்துக்குள் அவளை விடவில்லை. ஐந்தரை மணி நேரம்! என் நேரம்! கட்-ஆஃபுக்குள், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கும் நேர வரம்புக்குள், வர முடியுமா என்று யோசிக்கும் ராத்திரிகளில் நான் கிப்சோகேயை நினைப்பதில்லை, இவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு ரெவிதி கதையெல்லாம் எடுபடவில்லை. எடுபட்டது மா. சுப்பிரமணியன் பெயர்தான். முன்னாள் மேயர், அப்புறம் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், அரை மாரத்தான்களை நூற்றுக்கும் மேல் ஓடியவர், 2023இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டருக்கு நடைபாதை என்று திட்டம் கொண்டுவந்தவர். "மந்திரியே ஓடுறாராமே" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார், அன்றோடு கர்ப்பப்பை விவகாரம் முடிந்தது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

தொடக்கக்காரர்களுக்கான அட்டவணைகள் பெரும்பாலும் 16 முதல் 20 வாரம். வாரத்தில் மூன்று நாலு நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். லாங் ரன் மெல்ல மெல்லக் கூடி 30, 32 கிலோமீட்டரைத் தொடும், அப்புறம் கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வருவார்கள், அதற்குப் பெயர் டேப்பர். எல்லாம் சரி. ஆனால் 32 கிலோமீட்டர் என்பது எனக்கு 4 மணி 16 நிமிடம். அட்டவணை எழுதியவருக்கு அது இரண்டரை மூன்று மணி நேர வேலை. அவர் 'ஒரு லாங் ரன்' என்று எழுதுவதும் நான் ஓடுவதும் ஒரே சமாச்சாரம் இல்லை. நாலே கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் எனக்குப் புதன்கிழமை வரை படியிறங்கும்போது கைப்பிடி வேண்டும், அடுத்த வாரப் பயிற்சி பாதி போகும். அதனால் நான் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் திட்டம் போட்டேன். ஞாயிறு அதிகபட்சம் மூன்றரை மணி நேரம், எவ்வளவு தூரம் வருகிறதோ வரட்டும், எனக்கு 26 சொச்சம் வருகிறது. பதிலுக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மெல்ல ஓடி, அந்தக் களைப்பு கால்களில் இருக்கும்போதே ஞாயிறு அதிகாலை மறுபடி ஓடுவது. களைத்த கால்களோடு ஓடப் பழகுவதுதானே நோக்கம், அது இதிலும் கிடைக்கிறது.

எங்கள் ஏரியா குழுவில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. "முப்பது பார்க்காம நாப்பத்திரண்டு எப்படி ஓடுவே?" என்று ஒரு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே பிரபலமாக்கிய முறையில் போகிறவர்கள் நடுநடுவே நடந்து நடந்து முழுத் தூரத்தையே பயிற்சியில் போய்ப் பார்த்துவிடுகிறார்கள், அவர்களும் நன்றாகத்தான் முடிக்கிறார்கள். எனக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டும், பிளஸ் ஒன் படிக்கிற பையன் இருக்கிறான், அதனால் என் வழி இது. அக்காவுக்கு ஜனவரியில் பதில் சொல்கிறேன்.

நடுவில் நடப்பதை மட்டும் நான் காலோவே கட்சியிலிருந்து எடுத்துக்கொண்டேன். தொடக்கத்திலிருந்தே, களைப்பு வருவதற்கு முன்பே, ஓடு, கொஞ்சம் நட, ஓடு. கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் நாலு நிமிடம் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வார்கள். (மேலே சொன்ன 8 நிமிடம் நடையில்லாத வேகம். நடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆனால் கடைசி 10 கிலோமீட்டரில் நொண்டாமல் இருந்தால் அதைத் திருப்பி எடுத்துவிடலாம் என்பது திட்டம்.) மெரினாவில் ஓடும்போது எனக்குக் கடிகாரமே தேவையில்லை. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை காமராஜர் சாலையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன. ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், கம்பர், பாரதி, பாரதிதாசன். ஒரு சிலையிலிருந்து இன்னொரு சிலை வரை ஓட்டம், அப்புறம் நாலைந்து விளக்குக் கம்பம் நடை. "போப் வரைக்கும் தாங்குவேனா?" என்பதுதான் எங்கள் குழுவில் இப்போது களைப்பை அளக்கும் அளவு. தமிழ் ஐயாக்கள் மன்னிக்கவும்.

இப்போது ஈரப்பதம். இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், எழுதத்தான் ஆளில்லை.

அதிகாலையில் ஓடினால் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். வெப்பம் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான், நம் கடற்கரையில் 80 சதவீதத்துக்கு மேல் என்பது சர்வ சாதாரணம். என் எடை 64 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்குத் தோராயமாக ஒரு கலோரி என்று கணக்கு, அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் ஏழரை கிலோமீட்டருக்கு 480 கலோரி. இதில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் போகிறது, 360 கலோரி. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆக, எனக்குத் தேவை மணிக்கு 600 மில்லி சொச்சம் வியர்வைதான், அது ஆவியானால். ஆவியானால்தான்! அதுதான் சென்னையில் நடக்காது. வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும், டி-ஷர்ட்டைப் பிழிந்தால் ஊற்றும், ஆனால் சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடம்பு பதறிப்போய் இன்னும் வியர்க்கும். சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோக ரத்தம் அங்கே திருப்பிவிடப்படும், கால்களுக்கும் வேண்டும், இதயம் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரம் கழித்து நாடித்துடிப்பு பத்து பதினைந்து ஏறி நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கடிகாரத்தில் வேகத்தைக் காட்டும் பக்கத்தையே மறைத்துவிட்டேன். பேச முடிகிறதா, வேகம் சரி. பேச்சு அறுபடுகிறதா, வேகத்தைக் குறை. மார்கழியில் அதே மூச்சுக்கு ஏழரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் வருகிறது, செப்டம்பரில் எட்டரை. இரண்டும் ஒரே உழைப்புதான்.

உங்கள் வியர்வை எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு எடை மெஷின் போதும். ஓடப் போகுமுன் எடை பாருங்கள், வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் நான் 64.2இலிருந்து 62.9க்கு வந்தேன், நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தேன். இழந்தது 1.3, குடித்தது 0.5, ஆக 1.8 லிட்டர், மணிக்கு 1.2. மேலே சொன்ன 600 மில்லியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி வியர்வை வீணாகத்தான் போகிறது.

உடனே மணிக்கு 1.2 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். அதில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்கள் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால், ஓடும்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, அப்புறம் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு. காரணம் புரிகிறதல்லவா, வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்கவே நேரமில்லை. நாங்கள்தான் ஒவ்வொரு தண்ணீர் பந்தலிலும் நின்று நிதானமாக இரண்டு கிளாஸ் குடித்து, தன்னார்வலர் தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வந்தால் நீர் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் குடிப்போம், அது இன்னும் மோசமாக்கும். தாகத்துக்குக் குடி, உப்போடு குடி, ஓடி முடிக்கும்போது எடை கூடியிருக்கவே கூடாது. இவ்வளவுதான் நான் புரிந்துகொண்டது. எனக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து 600 மில்லி ஒத்துவருகிறது.

உப்புக்கு நான் ஓஆர்எஸ் பொட்டலம்தான் பயன்படுத்துகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை, ஒரு லிட்டருக்கு 20.5 கிராம், அதில் 2.6 கிராம் சாதா உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், மீதி பொட்டாசியமும் சிட்ரேட்டும். பேதிக்காகச் செய்தது, ஓட்டத்துக்கு இல்லை, குடிக்க உப்புக் கரிக்கும், ஆனால் மலிவு, மருந்துக்கடையில் கிடைக்கும். வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். பழச்சாறு டப்பாவில் ஓஆர்எஸ் என்று போட்டு வெறும் சர்க்கரைத் தண்ணீரை விற்ற கதை தெரியுமல்லவா, இந்தக் கலவையில் இல்லாத எதற்கும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வீட்டில் இருக்கும் நாட்களில் உப்புப் போட்ட நீர்மோர். ஓடும்போது மோர் வேண்டாம், வயிறு என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

சாப்பாடும் இதே கணக்குதான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், சுமார் 1600 முதல் 2000 கலோரி. என் 42 கிலோமீட்டருக்குத் தேவை 2700. கொழுப்பும் எரியும்தான், இருந்தாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் பலர் திடீரென்று கால் நகராமல் நின்றுவிடுவது இந்த இருப்பு தீர்ந்துபோவதால். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். ஓடிக்கொண்டே உறிஞ்சும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒரு பாக்கெட்டில் 20, 25 கிராம் இருக்கும், ஐந்தரை மணி நேரத்துக்கு மணிக்கு 40 கிராம் என்று வைத்தாலே ஒன்பது பாக்கெட். ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். வேகமாக ஓடுகிறவருக்கு நாலு பாக்கெட்டில் காரியம் முடிந்துவிடும், இதிலும் நமக்குத்தான் செலவு அதிகம் பாருங்கள். அதனால் பாதி ஜெல், பாதி பேரீச்சம்பழம். கொட்டையை முந்தின ராத்திரியே எடுத்துவிட்டு, லேசாக உப்புத் தூவி, சின்ன ஜிப் கவரில் போட்டுக்கொள்வேன். கடலை மிட்டாயையும் முயற்சி செய்தேன், கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஓடிக்கொண்டே மெல்ல முடியவில்லை, தூள் தொண்டையில் ஒட்டுகிறது, கடலையின் எண்ணெய் செரிக்க வேறு நேரமாகிறது. ஓடி முடித்த பிறகு சாப்பிட அதைப் போல எதுவும் இல்லை. காலை மூன்று மணிக்கு இரண்டு இட்லி, நாட்டுச் சர்க்கரை தொட்டு, சட்னி கிடையாது. இட்லிக்காக இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கும் ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும், அத்தை முந்தின ராத்திரியே அவித்து ஹாட்பாக்ஸில் வைத்துவிடுகிறார்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சென்னைப் பயிற்சியை எழுத முடியாது. பந்தயம் ஜனவரியில் என்றால், லாங் ரன் உச்சத்துக்குப் போகும் மாதங்கள் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, அதாவது அச்சு அசலாக வடகிழக்குப் பருவமழை. மிக்ஜாம் வந்தது டிசம்பரில், ஃபெஞ்சல் நவம்பர் கடைசியில். அட்டவணை எழுதியவருக்குப் புயல் தெரியாது. மழையில் ஓடுவது சுகம்தான், ஆனால் தேங்கிய தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், அடியில் மூடியில்லாத மழைநீர் வடிகால் இருக்கலாம், மின்பெட்டிக்குப் பக்கமாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாட்களில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி ஓடுவேன். "அம்மா, சாவி எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று வாட்ச்மேன் அண்ணன் முதல் நாள் டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நனைந்த ஷூ காய இரண்டு நாளாகும், உள்ளே பழைய பேப்பரைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஒரு நாள். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது, காசு இருந்தால். ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய சாதனையை நாற்பது ஆண்டுக்கு மேல் எந்த இந்தியராலும் தொட முடியவில்லை, அவர் பெரும்பாலும் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அதைப் படித்துவிட்டு என் கணவர், "அப்புறம் எதுக்கு ஒன்பதாயிரம் ரூபா ஷூ?" என்றார். பதில் சொல்லவில்லை.

பெண்களுக்கென்று சில விஷயம். தொடை உரசல், ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை உரசல், இவை ஒரு மணி நேர ஓட்டத்தில் தெரியாது, மூன்றாவது மணி நேரத்தில் ரத்தம் வரும். வாஸ்லினை வெட்கப்படாமல் அப்புங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு போய்விடுகிறது. கழிப்பறை பெரிய தலைவலி, விடிகாலை ஐந்து மணிக்குப் பெரும்பாலான பொதுக் கழிப்பறைகள் பூட்டியே இருக்கும், எங்கள் குழுவில் எந்த பெட்ரோல் பங்க் திறந்திருக்கும், எதில் தாழ்ப்பாள் இருக்கும் என்று ஒரு பட்டியலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் நாங்கள் ஓடும் பாதையைத் தீர்மானிக்கிறோம், கடற்காற்றோ நிழலோ அப்புறம்தான். இருட்டில் தனியாக ஓடுவதில்லை. பைக்கில் வந்து வேகம் குறைத்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், நாலைந்து பேராக ஓடினால் அவர்களுக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடுகிறது. தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள், முதுகைக் காட்டாமல் மெல்ல நடங்கள். ஓடப் போன இடத்தில் நிற்கச் சொல்கிறேன், ஆனால் அதுதான் வேலை செய்கிறது.

பட்டினப்பாக்கம் பக்கம் போனால் ஏழு மணிக்குள் மீன்கார அக்காக்கள் கடை விரித்துவிடுவார்கள். வாரா வாரம் என்னைப் பார்க்கும் ஒருவர், "இன்னாமே, இன்னும் முடியலையா உனக்கு? எல்லாம் அப்பவே போய்ட்டாங்களே" என்று கேட்பார். முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஓடுகிறேன், திரும்பி வரும்போது வஞ்சிரம் விலை கேட்டு வைத்துக்கொள்வேன்.

இப்போது டேப்பர் வாரங்கள். ஓட்டம் குறைந்து, பசி மட்டும் குறையாமல், முழங்காலில் இல்லாத வலியெல்லாம் இருப்பதுபோல் தோன்றும் காலம், எல்லோருக்கும் அப்படித்தானாம். இன்னும் முடிவு செய்யாத விஷயங்கள் மூன்று. வெயில் ஏறியதும் தலையில் தொப்பியா, தொப்பியைக் கழற்றி ஐஸ் கட்டி நிரப்பிய கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றுவதா (இரண்டையும் போன ஞாயிறு பார்த்தேன், கைக்குட்டை ஜெயிக்கிற மாதிரி இருக்கிறது, ஐஸ் யார் கொண்டுவந்து கொடுப்பது என்பதுதான் பிரச்சினை). ஜெல்லை எந்தப் பையில் வைப்பது. அத்தையை எங்கே நிற்கவைப்பது. வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், முடிக்கிற இடத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும், அதனால் 35ஆவது கிலோமீட்டர் பக்கம் நிழலாக ஒரு டீக்கடை பார்த்து, பையனையும் ஐஸ் டப்பாவையும் கூட வைத்துவிடலாம் என்று யோசனை. ஐஸ் பிரச்சினையும் அதோடு தீரும்.

நீங்கள் அன்றைக்குச் சாலையோரம் நின்று கைதட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். காலை ஒன்பது மணிக்கு மேல் வருகிற எங்களைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 38ஆவது கிலோமீட்டரில் நிற்கிறவருக்கு அது கொஞ்சம், எனக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பதிலாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றுங்கள், கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.